வீட்டிலுள்ளோரும் ரயிலேறட்டும்

பிழைப்பை நாடி வேற்று மாநிலம் வந்து குடியேறிய நம்மவர் இல்லங்களில் ஒரு விசித்திரத்தைக் காணலாம். குடும்பத் தலைவருக்கு நகரத்தின் நான்கு திசைகளும் அத்துப்படியாக இருக்கும். எந்த வண்டி எங்கே நிற்கும், எந்தப் பெட்டியில் ஏறினால் படிக்கட்டுக்கு நேராக இறங்கலாம், எந்த பஸ் எந்த மார்க்கெட்டைச் சுற்றிக்கொண்டு போகும் என்பனவெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆனால் அவருடைய இல்லத்தரசியாருக்கோ, ஊரிலிருந்து வந்து சேர்ந்த தாயாருக்கோ மும்பை என்பது ஒரு முக்கோணந்தான்: வீடு, காய்கறிக் கடை, கோயில். பத்து ஆண்டுகள் கழிந்தாலும் அந்த முக்கோணம் நாற்கோணமாவதில்லை.

நாம் இந்நகரின் புறநகர் ரயில் நிலையம் ஒன்றில் டிக்கட் குமாஸ்தாவாகப் பணி புரிகிறோம். பள்ளிப் படிப்பு மெட்ரிக்குலேஷனோடு நின்றுவிட்டது. எனினும் கண்ணாடித் தடுப்பின் பின்னே அமர்ந்து, அரைச்சந்திர வடிவான அந்தச் சிறு துவாரத்தின் வழியே பன்னிரண்டு ஆண்டுகளாக மனிதர்களைக் கண்டு வருகிறோம். அவ்வழியே கற்ற பாடங்களும் சில உண்டு.

தமிழ்த் தாய்மார்களை நாம் எளிதில் அடையாளம் கண்டுகொள்வோம். அவர்கள் டிக்கட் ஜன்னலுக்குத் தாமாக வருவது அரிது. ஏழெட்டு வயதுச் சிறுவன் ஒருவனை முன்னே நிறுத்திவிட்டுத் தாம் பின்னே நிற்பார்கள். அவன் நுனிக்காலில் எம்பி நின்று இந்தியில் ஊர்ப்பெயரைச் சொல்வான். சில்லறையை எண்ணி வாங்குவான். “வாங்கம்மா” என்று அழைத்துச் செல்வான். அவனுடைய சாமர்த்தியத்தைக் கண்டு அந்தத் தாய்க்குப் பெருமிதம் உண்டாகும். நமக்கும் மகிழ்ச்சியே. ஆனால் உடனே ஒரு கேள்வியும் எழும்: அந்தப் பிள்ளை பள்ளியில் இருக்கும் வேளையில் அவனுடைய தங்கைக்குக் காய்ச்சல் கண்டுவிட்டால் இந்த அம்மையார் யாது செய்வார்?

ரயிலுக்கும் இந்நகருக்கும் உள்ள உறவு புதியதன்று. 1853-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் தேதி போரிபந்தரிலிருந்து தாணேவுக்கு 34 கிலோமீட்டர் தூரம் ஓடிய வண்டியே இந்தியாவின் முதல் பிரயாணிகள் ரயில். மூன்று ஆண்டுகள் கழித்து, 1856 ஜூலை 1-ஆம் தேதி, நம் சென்னையின் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னாட்டின் முதல் வண்டி ஓடிற்று. 1925-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் தேதி மும்பையிலிருந்து குர்லா வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது; சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-இல் மின்சார வண்டி வந்தது. இன்று மும்பையின் புறநகர் வண்டிகளில் நாள்தோறும் 60 லட்சத்துக்கு மேற்பட்டோர் பிரயாணம் செய்கின்றனர். இரண்டாம் வகுப்பில் மிகக் குறைந்த கட்டணம் 5 ரூபாய். ஒரு குவளைத் தேநீரின் விலைக்கும் குறைவாக நகரம் நம் முன்னே விரிந்து கிடக்கிறது. அந்த 5 ரூபாய் இல்லாமையால் வீட்டில் அடைந்து கிடப்போர் சிலரே. வழி அறியாமையால் அடைந்து கிடப்போரோ மிகப் பலர்.

இது வெறும் பொழுதுபோக்கைப் பற்றிய பேச்சன்று. நம் இல்லத்தில் நிகழ்ந்த ஒன்றைக் கூறினால் நேயர்கள் இதனை நன்கு உணர்வர்.

நம் தாயார் அறுபத்து மூன்று வயதினர். திருநெல்வேலிச் சீமையில் ஒரு கிராமத்திலிருந்து, தந்தையார் காலமான பின், முலுண்டில் உள்ள நம் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். தமிழ் எழுதப் படிக்க அறிவார். வேறு மொழி அறியார். அவருடைய உடன்பிறந்த தங்கை, அதாவது நம் சித்தி, மணமாகி வந்த நாள் முதல் தாராவியில் வாழ்ந்து வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பங்கள் தாராவியில் பல தலைமுறைகளாக வேரூன்றியிருப்பதை நேயர்கள் அறிவர். இவ்விரு சகோதரிகளும் முப்பத்தைந்து ஆண்டுகளாகக் கல்யாணத்திலும் சாவிலுமே சந்தித்துக்கொண்டவர்கள். இப்போது ஒரே நகரில் வசித்தும், நமக்கு ஓய்வு நாள் வாய்க்கும் போதுதான் ஒருவரை ஒருவர் காண முடிந்தது. நம் வேலையோ ஷிப்ட் வேலை. ஓய்வு நாள் ஒரு வாரம் செவ்வாய், மறு வாரம் வெள்ளி என்று மாறிக்கொண்டே இருக்கும்.

சென்ற ஆண்டு ஆவணியில் சித்தி சிறுநீரக நோயால் படுத்த படுக்கையானார். அவருடைய புதல்வர்கள் காலையில் வேலைக்குச் சென்றால் இரவில்தான் திரும்புவர். மருமகளும் தையற்கூடம் ஒன்றில் வேலை பார்ப்பவர். பகல் முழுதும் தனிமை. செய்தி கேட்ட அன்றிரவு நம் தாயார் உணவருந்தியபின் நம்மை அழைத்துச் சொன்னார்: “ஏய்யா, நீ எனக்காக லீவு போட வேண்டாம். வழியை மட்டும் சொல்லித் தா. நான் போய்க்கிடுவேன்.”

மறுநாள் முதலே பாடம் தொடங்கிற்று. முலுண்டிலிருந்து சயான் வரை ஸ்லோ வண்டியில் எட்டாவது நிறுத்தம். நாகூர், பாண்டுப், காஞ்சூர் மார்க், விக்ரோளி, காட்கோபர், வித்யாவிஹார், குர்லா, பின்னர் சயான். தாயார் இப்பெயர்களைத் தமிழில் ஒரு காகிதத்தில் எழுதித் தரச் சொல்லி, இரண்டே நாளில் நெட்டுருப் போட்டுவிட்டார். முதல் பெயரைக் கேட்டதும், “இங்கேயும் நாகூரா!” என்று வியந்தவர், அதன்பின் அதனை மறக்கவேயில்லை.

அடுத்து, பிளாட்பாரத்தின் மேலே தொங்கும் அறிவிப்புப் பலகை. வண்டி சென்று சேரும் இடம், அதன் வகை, நேரம், பெட்டிகளின் எண்ணிக்கை யாவும் அதில் ஒளிரும். ஃபாஸ்ட் வண்டி சயானில் நில்லாது. ஆகவே ஸ்லோ வண்டியைப் பிரித்தறிய வேண்டும். ஆங்கிலம் அறியாதவர் எங்ஙனம் அறிவது? “பாம்புபோல் வளைந்த எழுத்து இருந்தால் ஏறலாம், இல்லாவிட்டால் ஏறக் கூடாது” என்று தாயார் தாமே ஒரு சூத்திரம் வகுத்துக்கொண்டார். திரும்பி வருகையில் வேறொரு சூத்திரம்: ஸ்லோ வண்டியாயினும் குர்லாவோடோ காட்கோபரோடோ நின்றுவிடும் வண்டிகள் உண்டு, ஆகையால் தாணேவுக்கோ அதற்கு அப்பாலோ செல்லும் வண்டியா என்று கேட்டு ஏற வேண்டும். கேட்பதற்கு இலக்கணம் தேவையில்லை. “தாணே?” என்று ஒரு சொல்லைக் கேள்வியாக உயர்த்தினால் போதும். அருகில் நிற்கும் பெண்கள் தலையசைத்து வழி காட்டுவர். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று நம் முன்னோர் சும்மாவா சொன்னார்கள்?

மூன்று நாள் நாம் கூடச் சென்றோம். நான்காம் நாள் அவர் பெண்கள் பெட்டியில் ஏற, நாம் அடுத்த பெட்டியில் ஏறிச் சயானில் இறங்கிப் பார்த்தோம். நம்மைத் திரும்பியும் பாராது அவர் படியேறிப் போய்க்கொண்டிருந்தார்! ஐந்தாம் நாள் நாம் பணிக்குச் சென்றுவிட்டோம்.

பெண்கள் பெட்டி என்பது ஒரு தனி உலகம் என்று தாயார் வாயிலாகவே நாம் அறிந்தோம். உள்ளே வருபவர் அமர்ந்திருப்பவரிடம் எங்கே இறங்குவீர்கள் என்று கேட்டு, அந்த இடத்தை முன்கூட்டியே தமக்கென வைத்துக்கொள்வது அங்கே வழக்கமாம். மூவர் அமரும் பலகையில் நான்காமவருக்கும் ஒண்டுவதற்கு இடம் உண்டாம். மாலையில் வீடு திரும்பும் பெண்கள் அங்கேயே பட்டாணி உரிப்பதும் கீரை ஆய்வதும் உண்டாம். அப்பெண்கள் தாயாரை “மாவ்ஷி” என்று அழைத்தனர். அதன் பொருள் யாதென ஒரு நாள் நம்மிடம் கேட்டார். தாயின் சகோதரியை மராத்தியர் அவ்வாறு அழைப்பர் என்றோம். சிறிது நேரம் பேசாதிருந்து, “அப்படியானால் சித்தின்னு கூப்பிடுதாங்களா!” என்றார். தம் தங்கையைக் காணச் செல்லும் வழியெல்லாம், முன்பின் அறியாத பெண்கள் தம்மைச் சித்தி என்று அழைப்பது அவருக்குப் பெரும் ஆறுதலாயிருந்தது.

ஒரு ஞாயிறன்று அவருக்குப் பரீட்சை ஒன்று நேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் தண்டவாளப் பராமரிப்புக்காக ‘மெகா பிளாக்’ எடுப்பதுண்டு. அன்று ஸ்லோ வண்டிகளை ஃபாஸ்ட் பாதையில் திருப்பிவிட்டிருந்தார்கள். நாகூர், காஞ்சூர் மார்க், வித்யாவிஹார் ஆகிய மூன்றிடங்களில் வண்டி நிற்கவில்லை. விரல்விட்டு எட்டு எண்ணியிருந்தால் சயானைக் கடந்து நெடுந்தூரம் போயிருப்பார். அவரோ முதல் நிறுத்தத்திலேயே நாகூரைக் காணாது விழித்துக்கொண்டார். எண்ணிக்கையை விட்டு அடையாளத்தைப் பற்றிக்கொண்டார். காட்கோபரில் மெட்ரோ நிலையம் உயரத்தில் தெரிந்தது. குர்லாவில், ஹார்பர் பாதைக்கு மாறுவோர் திமுதிமுவென இறங்க, பெட்டியில் பாதி காலியாயிற்று. அடுத்தது சயான்தான் என்று துணிந்து வாயிலருகே வந்து நின்றார், சரியாகவே இறங்கினார். எண்ணும் வேண்டும், அடையாளமும் வேண்டும் என்று முதல் நாள் கூறிய பாடத்தை அவர் நம்மைக் காட்டிலும் நன்றாகக் கற்றிருந்தார்.

சீஸன் டிக்கட் வாங்கும் நேரம் வந்தபோது, நாம் தொழிற்பழக்கத்தால் கணக்குச் சொன்னோம். மூன்று மாதச் சீட்டுக்கு மாதக் கட்டணத்தைப்போல் 2.7 மடங்கே பணம். அதுவே லாபம் என்றோம். தாயார் மறுத்துவிட்டார். “மாதாமாதமே எடு. மூணு மாசம்னு நாம் ஒரு கணக்குப் போட வேண்டாம்” என்றார். மருத்துவர் கூறியிருந்ததை அவரும் அறிவார். நாம் மேலே ஒன்றும் பேசாது மாதச் சீட்டே எடுத்துத் தந்தோம்.

காலை பத்தரை மணிக்குப் புறப்படுவார். மாலை நான்கு மணிக்குள் திரும்பும் வண்டியில் இருப்பார். கஞ்சி கொடுப்பதும், கால் பிடித்துவிடுவதும், ஊர்க்கதை பேசுவதுமாகப் பகல் கழியும். முப்பத்தைந்து ஆண்டுகளில் பேசாததையெல்லாம் அக்காளும் தங்கையும் அந்தச் சில வாரங்களில் பேசித் தீர்த்தார்கள். கார்த்திகை மாதத்தில், மூன்றாவது சீட்டில் பதினொரு நாட்கள் மிஞ்சியிருக்கையில், சித்தி காலமானார். கடைசி நாளன்று பகலில் அருகில் இருந்தவர் நம் தாயார் ஒருவரே. மிஞ்சிய அந்தப் பதினொரு நாட்களும் வீணாகவில்லை. துக்க வீட்டில் சமைத்துப் போட அவர் நாள்தோறும் சென்று வந்தார்.

நமது ஓய்வு நாட்களை மட்டும் நம்பியிருந்தால், அந்த மூன்று மாதங்களில் சகோதரிகள் இருவரும் பத்துப் பன்னிரண்டு முறை சந்தித்திருப்பர். அதற்கு மேல் இல்லை.

இதைக் கேட்ட அன்பர்கள் சிலர், “கூட்டத்தில் பெண்களையும் முதியோரையும் தனியே அனுப்புவது அபாயமன்றோ?” என்பர். நியாயமான அச்சமே. நெரிசல் வேளையில் ஒரு சதுர மீட்டர் இடத்தில் 14 முதல் 16 பேர் வரை நிற்பதாக ரயில்வேயில் கணக்கிட்டுச் சொல்வர். 2017 செப்டம்பர் 29-ஆம் தேதி, எல்பின்ஸ்டன் ரோடு நிலையத்தின் நடைமேம்பாலத்தில் நேர்ந்த நெரிசலில் 23 பேர் மாண்டனர். 2025 ஜூன் 9-ஆம் தேதி மும்பிரா அருகே, எதிரெதிரே சென்ற இரு வண்டிகளின் வாயில்களில் தொங்கிச் சென்றோர் தவறி வீழ்ந்து உயிரிழந்த துயரம் நம் நெஞ்சை விட்டு அகலவில்லை. அச்சம் பொய்யன்று. ஆனால் அதற்குப் பரிகாரம் வீட்டில் அடைத்து வைப்பதன்று. முறையாகக் கற்றுக் கொடுப்பதேயாம். கற்றுக் கொடாமல் வைத்திருந்தால், என்றோ ஒரு நாள் ஓர் அவசரத்தில், மாலை ஆறு மணி நெரிசலில், முதன்முறையாகத் தனியே வண்டியேற நேரும். அதைக் காட்டிலும் அபாயம் வேறில்லை.

எனவே கற்பிக்க வேண்டியவற்றை, டிக்கட் ஜன்னலில் அமர்ந்து கண்ட அனுபவத்தைக் கொண்டு, சுருங்கக் கூறுவோம்.

முதலாவது, வேளை. வார நாட்களில் காலை பதினொரு மணிக்கு மேல் மாலை நான்கு மணிக்குள் நகரை நோக்கிச் செல்லும் வண்டிகளில் ஓரளவு மூச்சு விடலாம். கற்கத் தொடங்குவோர் அந்த நேரத்தில் தொடங்கட்டும். காலையில் நகரை நோக்கியும், மாலையில் நகரிலிருந்து வெளியேயும் நெரிசல் இருக்கும் என்பதை மறவாதிருத்தல் நலம்.

இரண்டாவது, இடம். பெண்கள் பெட்டி பிளாட்பாரத்தில் எந்தத் தூணருகே வந்து நிற்கும் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். வண்டி வந்த பின் ஓடித் தேடக் கூடாது. பன்னிரண்டு பெட்டி வண்டிக்கும் பதினைந்து பெட்டி வண்டிக்கும் நிற்கும் இடம் மாறும். சில பெட்டிகள் நாள் முழுதும் பெண்களுக்கு உரியவை. சில குறித்த நேரத்துக்கு மட்டும். இதைக் கேட்டறிந்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது, இறங்கும் ஆயத்தம். வண்டி நிலையத்தில் நிற்பது அரை நிமிஷ அளவே. இறங்கும் இடத்துக்கு முந்திய நிறுத்தத்திலேயே எழுந்துவிட வேண்டும். முன்னே நிற்பவரிடம் “உதர்னா ஹை?” என்று கேட்டால், இறங்குபவராயின் அவர் பின்னே நிற்கலாம்; இல்லையாயின் அவர் விலகி வழி விடுவார். இந்த இரண்டு சொற்கள் போதும்.

நான்காவது, எண்கள். பஸ்களின் முகப்பிலும் நிலையப் பலகைகளிலும் தேவநாகரி எண்கள் தென்படும். ஒன்று முதல் ஒன்பதும் ஒரு சுழியுமாகப் பத்துக் குறிகள். ஒரு பிற்பகலில் கற்றுவிடலாம். இந்நகரில் பஸ் முதன்முதலில் ஓடியது 1926 ஜூலை 15-ஆம் தேதி. நூறு ஆண்டுப் பழமையுள்ள அந்த வசதியைப் பத்துக் குறிகள் அறியாமையால் இழக்கலாமா?

ஐந்தாவது, எல்லாவற்றிலும் முக்கியமானது: போகிற வண்டியைப் போகவிடுதல். தவறிய வண்டிக்குப் பின் சில நிமிஷங்களில் அடுத்தது வரும். ஓடி ஏறுவதும், வாயிலில் தொங்குவதும், படியேறச் சோம்பித் தண்டவாளத்தைக் கடப்பதும் எக்காரணத்தாலும் கூடா. குடும்பத் தலைவர்களும் காளைப் பருவத்துப் புதல்வர்களும் இப்பாடத்தை முதலில் கற்பாராக! ஏதேனும் இடர் நேரின் ரயில்வே உதவிக்கான 139 என்ற எண்ணையும் கைபேசியில் குறித்துக் கொடுங்கள்.

பெண்களால் ஆகுமா என்று ஐயுறுவோர் மாட்டுங்கா நிலையத்தை நினைவு கூரட்டும். 2017-ஆம் ஆண்டு ஜூலையில், நிலைய மேலாளர் முதல் டிக்கட் குமாஸ்தா வரை பெண்களையே நியமித்து அந்நிலையத்தை நடத்தத் தொடங்கினார்கள். தமிழர் மிகுதியாக வாழ்ந்து வரும் மாட்டுங்காவில் பெண்கள் ஒரு நிலையத்தையே நடத்தக் கூடுமாயின், நம் இல்லத்துப் பெண்கள் அதில் இறங்கிக் கோயிலுக்குப் போய்வரக் கூடாதா?

நம் சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். ஆண்டு விழா, பொங்கல் விழா, பட்டிமன்றம் யாவும் சிறப்புற நடக்கின்றன. அவற்றோடு மாதம் ஒரு முறை, வார நாளொன்றில் காலை பதினொரு மணிக்கு, வழி அறியாத தாய்மார்கள் பத்துப் பேரைச் சேர்த்து, வழி அறிந்த சகோதரியர் இருவர் துணையுடன் ஒரு பிரயாணம் ஏற்பாடு செய்யலாம். போகும்போது துணைவர் வழி காட்டட்டும். திரும்பும்போது புதியவர்கள் தாமே வழி கண்டு வரட்டும். டிக்கட்டையும் அவரவரே ஜன்னலுக்கு வந்து வாங்கட்டும். நாம் இருக்கும் ஜன்னலுக்கு வந்தால் தமிழிலேயே கேட்கலாம். ஆயினும் அருகிலுள்ள ஜன்னலில் மராத்தியிலோ இந்தியிலோ கேட்டு வாங்குவாராயின், நமக்கு அதைவிட மகிழ்ச்சி வேறில்லை.